ஐந்து முளைத் துப்பாக்கி

என் அண்ணன் ஊர்க்காவலன் இருபத்தாறு வருடம் துப்பாக்கி சுட்டுச் சம்பளம் வாங்கியவர். இப்படிச் சொன்னால் புதிதாகக் கேட்பவர்கள் ராணுவமா, போலீசா என்பார்கள். இரண்டும் இல்லை. ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்தில் ஒரு கேப் கம்பெனியில் அவர் சோதனைக்காரர்.

தீபாவளிக்குப் பிள்ளைகள் பொம்மைத் துப்பாக்கியில் போட்டு வெடிக்கும் சிவப்புப் பிளாஸ்டிக் வளையத்தைப் பார்த்திருப்பீர்கள். ரிங் கேப் என்பார்கள். ஒரு வளையத்தில் எட்டுச் சின்னக் கிண்ணங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் கடுகளவு வெடிமருந்து. ஒவ்வொரு லோடிலிருந்தும் கைப்பிடி அளவு வளையங்கள் அண்ணனின் அறைக்கு வரும். அவற்றைத் துப்பாக்கியில் மாட்டி அவர் சுட வேண்டும். எட்டும் வெடித்தால் லோடு போகலாம். ஏழு என்றால் சிலேட்டில் ஒரு கோடு. ஆறு என்றால் லோடு நின்றுவிடும். நாளொன்றுக்கு ஆயிரம் தடவைக்குக் குறையாமல் விசையை இழுப்பார். முப்பத்தைந்து வயதிலேயே வலது காது மந்தமாகிவிட்டது. கல்யாண வீட்டுப் பந்தியில் வரிசையின் வலது ஓரத்து இலையாகப் பார்த்து உட்காருவார், பேசுகிறவர்கள் எல்லாரும் இடது பக்கம் வரட்டும் என்று.

போன மாசியில் சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்த இடத்திலேயே அவர் உயிர் போயிற்று. ஐம்பது வயது. இதயம் என்றார்கள். துட்டி கேட்க வந்தவர்களில் இரண்டு பேர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "துப்பாக்கி கேஸ்ல மாட்டுனாரே, அவருதான?" என்று பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. அப்படி ஒரு கேஸ் கிடையாது. நடந்ததை முழுதாக அறிந்தவர்கள் இன்று நானும் மதினியும்தான். அதனால் எழுதுகிறேன்.

அண்ணன் வீட்டு முன்னறைச் சுவரில் நாற்பத்து மூன்று துப்பாக்கிகள் ஆணியில் தொங்கின. எல்லாம் பொம்மை. வெளிநாட்டுக் கம்பெனிகள் ஆர்டர் கொடுக்கும்போது, தங்கள் துப்பாக்கிக்குக் கேப் சரியாகப் பொருந்துகிறதா என்று பார்க்க ஒரு மாதிரி அனுப்புவார்கள். சீசன் முடிந்ததும் அவை மூலையில் கிடக்கும். முதலாளியிடம் கேட்டு ஒவ்வொன்றாக வீட்டுக்குக் கொண்டு வந்தார். இத்தாலி ஒரு வரிசை, ஸ்பெயின் ஒரு வரிசை, சீனா இரண்டு வரிசை. சுழலும் உருளையின் பின்புறத்தில் கேப்பைச் சொருக எட்டு முளைகள் இருக்கும். அந்த முளையைத் தடவிப் பார்த்தே எந்த நாடு என்று சொல்லிவிடுவார்.

"வீட்டுக்கு வர்றவுக போலீஸ் ஸ்டேசனான்னு கேக்குறாக," என்பார் மதினி வள்ளித்தாய்.

"கேக்கட்டுமே. நான் இன்ஸ்பெக்டர், நீ ஏட்டம்மா."

இரண்டு வருடத்துக்கு முன் ஆடி மாதத்தில் அவர் விருதுநகரில் என் வீட்டுக்கு வந்தார். திரும்பும் வழியில் தெப்பக்குளத்துக்குப் பக்கத்துச் சந்தில் அசன் முகம்மது வைத்திருக்கும் பழைய சாமான் கடைக்குள் எட்டிப் பார்த்தார். நானும் கூட இருந்தேன். பித்தளைக் குத்துவிளக்குகள், ஓடாத கடிகாரங்கள், பழைய வாரப் பத்திரிகைக் கட்டுகள். மின்விசிறிக் காற்றில் பறக்காமலிருக்க ஒரு கட்டின் மேல் பாரமாக வைத்திருந்தார்கள் அந்தத் துப்பாக்கியை. முழுக்க வெள்ளிப் பெயிண்ட், இரும்புப் பீரோவுக்கு அடிப்பார்களே, அது.

"பாய், இது எங்கன கிடைச்சது?"

"காரியாபட்டிப் பக்கம் ஒரு பெரிய வீட்டை இடிச்சாக தம்பி. டிரங்குப் பொட்டியோட வந்துச்சு. பொம்மைதான?"

அண்ணன் அதைத் திருப்பி உருளையின் பின்புறத்தைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "பொம்மைதான் பாய். இந்தா முளை இருக்குல்ல. கேப் போடுறது."

"நீங்க சொன்னாச் சரி. துப்பாக்கியோட குடும்பம் நடத்துறவுக. எடுத்துட்டுப் போங்க. தீபாவளிக்குப் பேரப் பிள்ளைகளுக்கு ரெண்டு கிப்ட் பாக்ஸ் கொண்டாந்திருங்க."

வாங்கிப் பார்த்தபோது என் மணிக்கட்டு இறங்கியது. "என்னண்ணே, இம்புட்டுக் கனக்குது?"

"அந்தக் காலத்து வார்ப்பு தாயி. இப்ப உள்ளது தகரம்."

அவரைக் குழப்பியது கனமில்லை. முளைகள் ஐந்துதான் இருந்தன. உலகத்தில் எந்தக் கம்பெனியும் ஐந்து கேப் வளையம் போடுவதில்லை என்று பஸ் ஏறும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். மேலே பெருவிரலால் இழுக்கிற கொக்கியும் இல்லை. விசையை இழுத்தால் சுத்தியல் தானே எழும்பித் தானே அடிக்கும். பொம்மைத் துப்பாக்கிகளும் அப்படித்தான். இரண்டு நாள் எண்ணெய் விட்டதில் துருப்பிடித்த விசை அசைந்தது. எட்டுக் கேப் வளையத்தில் ஒரு கிண்ணத்தை மட்டும் வெட்டி ஒரு முளையில் வைத்தார். அளவெடுத்ததுபோல உட்கார்ந்தது. விசையை இழுத்தார். டப். அவருக்கு அதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை. இருபத்தாறு வருடமாகக் கேப் பொருந்துகிறதா என்று மட்டுமே பார்த்த கை அது. கேப் பொருந்தினால் பொம்மை.

எந்த நாட்டுப் பொம்மை என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. பொம்மைத் துப்பாக்கி சேர்ப்பவர்களுக்கு என்று செல்போனில் ஒரு குழு இருக்கிறது. அடுத்த ஞாயிறு அதை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். நான் கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். ஆங்கிலத்தில் எழுதுவது என் பொறுப்பு. அவர் போனில் இடமில்லை என்று என் எண்ணிலிருந்தே ஐந்து படங்கள் போட்டோம். ஒருவர் ஜெர்மனி என்றார், ஒருவர் ஜப்பான் என்றார். நான்காம் நாள் மதியம் கோயம்புத்தூரிலிருந்து ஒரு டாக்டர் எனக்குத் தனியாகத் தமிழில் எழுதியிருந்தார்.

'அம்மா, படங்களை உடனே எடுத்துவிடுங்கள். இது பொம்மை இல்லை. தோட்டா வருவதற்கு முந்தைய காலத்து நிஜத் துப்பாக்கி. அக்காலத்தில் மருந்தையும் குண்டையும் முன்பக்கம் அடைத்து, பின்பக்க முளையில் கேப் வைத்துத்தான் சுடுவார்கள். யாரும் விசையைத் தொட வேண்டாம். உள்ளே ஏதாவது அடைத்திருக்கிறதா என்று பார்த்தீர்களா?'

கடைசிக் கேள்வியை மூன்று தடவை படித்தேன். படங்களை அழித்தேன். அழிக்கும்போது எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்று கண்ணில் பட்டது. இருநூற்றுப் பதினொன்று.

அண்ணனுக்குப் போன் போட வழியில்லை. மருந்து புழங்கும் கம்பெனிக்குள் செல்போன் கூடாது. வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். மதினிக்குத் தனிப் போன் கிடையாது. அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு சாத்தூர் பஸ் ஏறினேன். சாத்தூரில் இறங்கி ஏழாயிரம்பண்ணை பஸ். அன்று புதன்கிழமை. புதனும் வெள்ளியும் அவர் வேலையிலிருந்து வந்ததும் சுவரிலிருக்கிற துப்பாக்கிகளை இறக்கித் துடைத்து ஒவ்வொன்றாக இழுத்துப் பார்ப்பார். ஐந்தரைக்குள் போய்விட வேண்டும். வழியெல்லாம் காய்ந்த காடு, நடுநடுவே கம்பெனி ஷெட்டுகள். பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்றபோது நான் மணியைப் பார்த்தேன்.

நான் போனபோது அவர் முகம் கழுவிக்கொண்டிருந்தார். செய்தியைப் படித்துக் காட்டினேன். சிரித்தார்.

"கோயம்புத்தூர்க்காரனுக்கு மோட்டாரைப் பத்தித் தெரியும், மில்லைப் பத்தித் தெரியும். கேப்பைப் பத்தி நமக்குச் சொல்றானா?"

"அண்ணே, உள்ள அடைச்சிருக்கான்னு மட்டும் பாருங்களேன்."

"பாக்காம என்ன," என்று விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை உருவினார். கிண்ணத்தின் ஆழம் பார்ப்பதற்கு அவர் ஈர்க்கைத்தான் பயன்படுத்துவார். உருளையின் முன்புறத்து ஓட்டை ஒன்றில் விட்டார். விரலின் இரண்டு கணு ஆழம் போயிற்று. "இந்தா, வெறுங்குழி." அடுத்ததில் விட்டார். நகத்தளவுதான் போனது. எடுத்து மறுபடி விட்டார். அதற்கடுத்த மூன்றிலும் அதே நகத்தளவு. ஈர்க்கின் நுனியில் கருப்பாக ஏதோ ஒட்டியிருந்தது.

மதினி கல்யாணத்துக்கு முன் ஒன்பது வருடம் மருந்து அறையில் வேலை பார்த்தவர். ஈர்க்கை வாங்கி மூக்கருகே வைத்தார்.

"கீழ வைங்க."

"வள்ளி, அது வந்து..."

"கீழ வைங்கன்னு சொல்றேன்ல."

பெயிண்ட் வாளி ஒன்றில் தண்ணீர் நிரப்பிக் கொண்டுவந்து, துப்பாக்கியின் பிடியை முந்தானையால் பிடித்து, வாய் சுவரைப் பார்க்கும்படி மெதுவாக உள்ளே இறக்கினார். குமிழி வந்து நின்றது. மூடியை அமுக்கினார். சந்தேகமான மருந்து என்றால் முதலில் தண்ணீர், அப்புறம்தான் கேள்வி. வேலைக்குச் சேரும் முதல் நாளே அங்கே சொல்லிக் கொடுப்பது அது.

அதற்குப் பிறகுதான் மூன்று பேரும் உட்கார்ந்தோம்.

அந்த வாரம் அண்ணன் சரியாகச் சாப்பிடவில்லை. எங்கள் பக்கத்தில் வீட்டில் வைத்துத் திருட்டுத்தனமாகப் பட்டாசு செய்கிறவர்களைப் பிடிக்க ஜீப் சுற்றிக்கொண்டே இருக்கும். வருவாய்த் துறை ஆட்களும் போலீசும் சேர்ந்து வருவார்கள். யாரும் திரும்பிக்கூடப் பார்க்காத அந்த ஜீப் இப்போது தெருவில் திரும்பினாலே அவர் கொல்லைப்புறம் போய்விடுவார். கம்பெனியில் எட்டு வெடித்ததா ஏழு வெடித்ததா என்று எண்ணிக்கை தவறியது. சூப்பர்வைசர், "என்ன அண்ணாச்சி, இன்னொரு காதும் போச்சா?" என்று கேட்டிருக்கிறார்.

விருதுநகர் கோர்ட்டில் தருண்குமார் என்ற இளம் வக்கீலை எனக்குத் தெரியும். இருவரும் போனோம். அவர் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார்.

"லைசென்ஸ் இல்லாம துப்பாக்கி வச்சிருந்தா உள்ளதான் அண்ணாச்சி. ஆனா அது அந்தக் காலத்து மாடல், இப்ப யாரும் துப்பாக்கியா வச்சுப் பொழங்காததுன்னு காட்டிட்டா சட்டம் விட்டுரும். நாட்டுத் துப்பாக்கின்னு எழுதிட்டாகன்னு வைங்க, ஜாமீனுக்கே நாய்படாத பாடு."

"எப்படிக் காட்ட?"

"எங்க செஞ்சது, எப்பச் செஞ்சது, உங்க கைக்கு எப்படி வந்துச்சு. இந்த மூணுக்கும் பதில் இருந்தா நீங்களே கொண்டுபோய் ஒப்படைங்க. அவுகளா வந்து பிடிக்கிறதுக்கு முந்தி."

வீட்டுக்கு வந்ததும் மதினி ஒரே முடிவாக இருந்தார். "குவாரித் தண்ணியில தூக்கிப் போட்டுட்டு வாங்க. எவன் கேக்கப் போறான்?"

"படம் வெளிய போயிருக்கு வள்ளி. அதுவும் பானு நம்பர்ல. நாளைக்கு வந்து எங்கன்னு கேட்டா இவ என்ன சொல்லுவா?"

மதினி என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். என் வேலையும் அந்த வாளிக்குள் கிடந்தது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மூன்றாம் நாள் வாளியைத் திறந்தோம். வெள்ளிப் பெயிண்ட் தோல்தோலாக உரிந்து மிதந்தது. அண்ணன் கொல்லையில் மணல் குவித்து, அதைப் பார்த்து வாயை வைத்து, ஈரத்துணியால் கொஞ்சம் கொஞ்சமாக ஒற்றி எடுத்தார். உருளையில் ஒவ்வொரு குழிக்கும் இடையில் மிளகளவு முத்திரைகள் தெரிந்தன. ஒரு கிரீடம், அதன் கீழே எழுத்து. உடம்பில் ஒரு எண். மேல்பட்டையில் சாய்ந்த ஆங்கில எழுத்தில் தேய்ந்துபோன ஏதோ ஒரு பெயர், அதன் பின்னால் 'மெட்ராஸ்'. நான் படமெடுத்து டாக்டருக்கு மட்டும் அனுப்பினேன். அவர் போனில் கூப்பிட்டார். ஒலிபெருக்கியில் போட்டு அண்ணனின் இடது காதுப் பக்கம் வைத்தேன்.

"இங்கிலாந்து. ஆயிரத்து எண்ணூற்று ஐம்பதுகள். மெட்ராஸில் ஒரு கடைக்காரர் வரவழைத்து விற்றிருக்கிறார். அந்தக் கிரீடம் சோதனை முத்திரை. ஒவ்வொரு குழியிலும் அதிகப்படி மருந்து போட்டுச் சுட்டுப் பார்த்து, வெடித்துச் சிதறாமல் நின்றால்தான் அடிப்பார்கள்."

அண்ணன் வெகுநேரம் அந்த முத்திரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அங்கயும் நம்மளை மாதிரி ஒருத்தன் அறையில உக்காந்து சுட்டுக்கிட்டு இருந்திருக்கான் தாயி. அவன் கோடு போடல. கிரீடம் போட்டிருக்கான்."

இதை எழுதித் தர முடியுமா என்று டாக்டரிடம் கேட்டேன். "என் பெயர் வேண்டாம் அம்மா. எனக்கும் குடும்பம் இருக்கிறது," என்றார். அதன்பின் என் அழைப்பை எடுக்கவில்லை.

மிச்சம் அசன் முகம்மது. அண்ணன் விஷயத்தைச் சொன்னதும் அவர் கையிலிருந்த டீ கிளாஸைக் கீழே வைத்தார். எழுந்துபோய் ஷட்டரைப் பாதி இறக்கினார்.

"நான் எதையும் விக்கல தம்பி. நீங்க யாருன்னே எனக்குத் தெரியாது."

"பாய், எந்த வீட்டுலருந்து வந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க."

"நீங்கதான பொம்மைன்னு சொன்னீக? பேப்பருக்குப் பாரமா வச்சிருந்தவன் நான். துப்பாக்கிக்காரர் வாயால பொம்மைன்னு கேட்டுத்தான் குடுத்தேன். இப்ப வந்து நிஜங்கிறீக. அறுபத்தெட்டு வயசுல என்னை ஸ்டேசன் வாசல்ல நிறுத்துவீகளா?"

பாய் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. ஷட்டருக்குக் கீழே குனிந்து வெளியே வந்தோம்.

பாய் வராவிட்டாலும் ஒப்படைத்துவிடுவது என்று முடிவாயிற்று. நான் மனுவை இரண்டு பக்கத்தில் எழுதினேன். என் பெயர் வரக்கூடாது என்று அண்ணன் அடித்துச் சொன்னார். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நானும் தருண்குமாரும் ஸ்டேஷன் வாசலில் நிற்பது, அண்ணன் வாளியோடு வருவது. பாய்க்கும் போனில் சொல்லி வைத்தேன். பஸ்ஸில் கொண்டுவரச் சம்மதிக்கவில்லை. "நாப்பது பேரு உக்காந்திருப்பாக. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா?" டிவிஎஸ் வண்டியில் கால் வைக்கும் இடத்தில் வாளியை வைத்து, இரண்டு முழங்காலாலும் அணைத்துக்கொண்டு தனியாகக் கிளம்பியிருக்கிறார்.

பாதி வழியில் அந்த ஜீப் நின்றது. எங்கள் ஊரில் மூடி போட்ட வாளியோடு போகிற டிவிஎஸ் வண்டியை அவர்கள் விடமாட்டார்கள் என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். ஆனால் அன்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அங்கே நடந்த பேச்சை அண்ணன் பிறகு எனக்குச் சொன்னார்.

"வண்டியை ஓரங்கட்டு. வாளியில என்னய்யா?"

"தண்ணி சார்."

"தண்ணிக்கு எதுக்குய்யா மூடி? எந்த வீட்டுக்கு மருந்து போகுது?"

"மருந்தும் இருக்கு சார். கொஞ்சம்."

"அப்படி வா வழிக்கு. எங்கன இருக்கு?"

"துப்பாக்கிக்குள்ள இருக்கு சார்."

கான்ஸ்டபிள் சிரித்திருக்கிறார். "காலங்காத்தாலயே போட்டாச்சா?" மூடியைத் திறந்தவர் அப்படியே இரண்டடி பின்னால் போனார். அண்ணனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்கள். சட்டைப் பையில் மனு இருக்கிறது என்று அவர் சொன்னது ஒருவர் காதிலும் ஏறவில்லை. ஜீப்பில் ஏற்றும்போதுதான் சிக்கல் வந்தது. வாளியை யார் தூக்குவது? அதிகாரி கான்ஸ்டபிளைப் பார்த்தார். கான்ஸ்டபிள் டிரைவரைப் பார்த்தார். கடைசியில் அண்ணனின் கையை விட்டுவிட்டு அவர் மடியிலேயே வாளியை வைத்தார்கள். டிரைவர் போக மற்ற நான்கு பேரும் எதிர்ப்பக்கம் ஒருவர்மேல் ஒருவர் ஒட்டி உட்கார்ந்து வந்தார்கள்.

ஸ்டேஷன் வாசலில் ஜீப்பிலிருந்து அண்ணன் இறங்கியதைப் பார்த்ததும் தருண்குமார் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் மனுவை வாங்கி நிதானமாகப் படித்தார். அண்ணனை உட்காரச் சொல்லவில்லை. வாளி வெளியே வேப்பமரத்தடியில் இருந்தது. சுற்றிக் கயிறு கட்டி ஒரு ஆள் நின்றார்.

"ஒப்படைக்க வந்தியா, இல்ல பிடிபட்டு வந்தியா?"

"ஒப்படைக்கத்தான் வந்தேன்யா. வழியில..."

"இந்த மனுவை ஜீப்பைப் பாத்தப்புறம் ரோட்டோரமா உக்காந்தும் எழுதலாம்ல?"

"ரெண்டு பக்கம்யா," என்றார் அண்ணன்.

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து பார்த்தார். "இங்கிலாந்துன்னு எழுதியிருக்க. மெட்ராஸ்னு எழுதியிருக்க. யாரு சொன்னா?"

அண்ணன் டாக்டரின் பெயரைச் சொல்லவில்லை. என்னையும் பார்க்கவில்லை. "முத்திரை இருக்குய்யா."

"எவன் குடுத்தான்?"

பாயின் பெயரையும் அவர் சொல்லவில்லை. தருண்குமார் என்னென்னவோ பிரிவு எண்களைச் சொன்னார். இன்ஸ்பெக்டர் கேட்டுக்கொண்டார். ஏட்டு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மேஜையில் வைத்தார். அதில் என்ன எழுதப் போகிறார்கள் என்பதுதான் எல்லாம். சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு, பன்னிரண்டரை. அண்ணன் நின்றுகொண்டே இருந்தார். அவர் வேட்டியில் வாளித் தண்ணீர் சிந்திய ஈரம் காயவில்லை.

ஒரு மணிக்கு வாசலில் ஆட்டோ நின்றது. அசன் முகம்மது இறங்கினார். சலவைச் சட்டை, தொப்பி, கையில் துணிப்பை. உள்ளே வந்து யாரையும் பார்க்காமல் இன்ஸ்பெக்டரிடம் சொன்னார்.

"நான்தான்யா குடுத்தேன். காலையில கடையைத் திறந்தேன், உக்கார முடியல. உள்ள வைக்கிறதுன்னா என்னையும் வைங்க."

"பையில என்ன?"

பையை மேஜையில் கவிழ்த்தார். இரண்டு கைலி, ஒரு துண்டு, பல்பொடி டப்பா, பிரஷர் மாத்திரை. ஏட்டு வாயைப் பொத்திக்கொண்டார். இன்ஸ்பெக்டர் நாற்காலியைக் காட்டி, "உக்காருங்க," என்றார், இரண்டு பேரையும் சேர்த்து.

காரியாபட்டிக்குப் பக்கத்து ஊரின் பெயரையும் இடித்த வீட்டுக்காரர் பெயரையும் பாய் சொன்னார். அங்கேயே போன் போட்டார்கள். வீட்டுக்காரர் மதுரையில் மகன் வீட்டில் இருந்தார். "அதுவா? எங்க பாட்டனுக்குப் பாட்டன் காலத்துல நிலம் அளக்க வந்த துரை ஒருத்தரு காய்ச்சல்ல போய்ட்டாரு. அவரு பொட்டி எங்க வீட்டுலயே நின்னுபோச்சு. நான் சின்னப் பையனா இருக்கையில கோயில் நாடகத்துக்கு வாங்கிட்டுப் போனாக. தூரத்துல இருக்கிறவுகளுக்கும் பளபளன்னு தெரியணும்னு பெயிண்ட் அடிச்சது அவுகதான்," என்றார். வேண்டுமானால் எழுதித் தருகிறேன் என்றும் சொன்னார்.

ஏட்டு தாளில் எழுதத் தொடங்கினார். கைது என்ற சொல் அதில் இல்லை. கண்டெடுத்து ஒப்படைத்த பொருள், பரிசோதனைக்கு அனுப்பப்படுகிறது, அழைக்கும்போது ஆஜராக வேண்டும். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். அண்ணனின் கையெழுத்து கோணலாக வந்தது.

பரிசோதனை அறிக்கை வர ஐந்து மாதம் ஆனது. அந்த ஐந்து மாதமும் அவர் போன் மணி அடித்தால் மதினிதான் எடுப்பார். தை கடைசியில் ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டார்கள். அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தது. வாசிக்க என்னைக் கூட்டிப் போனார். இங்கிலாந்தில் செய்தது, நூற்று அறுபது வருடத்துக்கு மேற்பட்டது, வழக்கொழிந்த வகை, நடவடிக்கை தேவையில்லை. திரும்ப வாங்கிக்கொள்கிறீர்களா என்று எழுத்தர் கேட்டார். அண்ணன் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, "வேண்டாம்யா, அரசாங்கமே வச்சுக்கிடட்டும்," என்றார். அருங்காட்சியகத்துக்கு அனுப்பச் சம்மதம் என்று எழுதிக் கொடுத்தோம்.

அறிக்கையில் கடைசியாக ஒரு பத்தி இருந்தது. நான் வேகமாகத் தாண்டிப் போகப் பார்த்தேன். அவர் விடவில்லை. ஐந்து குழிகளில் நான்கில் மருந்தும் ஈயக் குண்டும் இருந்தன. இரண்டில் தண்ணீர் புகவில்லை. அந்த மருந்து காய்ந்து, எரியும் நிலையில் இருந்தது. கேப்பின் தீ உள்ளே போகாமல் முளைத் துவாரத்தில் துரு மட்டும் அடைத்திருந்தது.

"இன்னொரு தடவை படி தாயி."

படித்தேன்.

என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தவர் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். பொம்மை என்று நினைத்து யார் யாரைப் பார்த்துக் குறி வைத்தேன் என்று. அடுப்படியில் மதினியை ஒரு தடவை. பால்காரரை. ஊருக்கு வந்திருந்த தன் மூத்த மகளைப் பார்த்துக் குறி வைத்துவிட்டு விசையை இழுக்காமல் விட்டதை. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"உன்னைப் பாத்துச் சுட்டனா?"

சுட்டார். படம் போட்ட அந்த ஞாயிற்றுக்கிழமை, நான் மேஜையில் குனிந்து ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டிருந்தபோது, "சீக்கிரம் எழுது, இல்லைன்னா சுட்டுருவேன்" என்று சிரித்துக்கொண்டே என் நெற்றிக்கு நேரே நீட்டி இழுத்தார். கேப் வெடித்தது. நான் அலறிவிட்டுச் சிரித்தேன். தலைமுடியில் சாயங்காலம்வரை அந்த வாடை இருந்தது. எந்தக் குழி மேலே இருந்தது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

"இல்லண்ணே. என்னைப் பாத்து நீங்க சுடவே இல்ல."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"இல்லண்ணே."

அந்த மாதமே கம்பெனியில் கேட்டு அட்டைப்பெட்டி ஒட்டும் பிரிவுக்கு மாறிக்கொண்டார். சுவரிலிருந்த துப்பாக்கிகளை முதலாளியிடமே திருப்பிக் கொடுத்தார். அதன்பின் ஒரு வருடத்தில் மூன்று தடவை என்னிடம் அதே கேள்வியைக் கேட்டார், வேறு ஏதோ பேசிக்கொண்டிருக்கும்போது திடீரென்று. மூன்றாவது தடவை போன தையில், போனில். அதே பதிலைத்தான் சொன்னேன். "சரி தாயி," என்று வைத்துவிட்டார். அவர் நம்பினாரா என்பது எனக்குத் தெரியாது.